முழுதறியாதார்க்கு உரிய மொழி



மூன்று உலகங்களையும் மூன்று காலங்களையும் ஒருங்கே கண்டுணர்பவர் கேவலஞானம் எய்திய அருகப் பெருமான். அவருக்கு "இருக்கலாம்" என்னும் சொல் வேண்டுவதில்லை. "பெரும்பாலும்" என்னும் சொல்லும் வேண்டுவதில்லை. நாளை மழை பெய்யுமோ, நோயாளி பிழைப்பாரோ, வித்திய விதை முளைக்குமோ என்பன நமக்கு வினாக்கள். அவர் ஞானத்திலோ அவை விளங்கிக் கிடக்கும் விடைகள். நாம் ஞானாவரணீய வினையால் அறிவு மறைக்கப்பட்டவர்கள். நம் போன்றாரைச் சத்மஸ்தர் என்று ஆகமம் குறிக்கின்றது. முழுதும் அறிந்தவர் பேசும் மொழி ஒன்று. முழுதும் அறியாதார் பேச வேண்டிய மொழி வேறொன்று. அப்பின்னைய மொழியைப் பற்றியே இவ்விதழில் நாம் சிந்திக்க விரும்புகின்றோம்.

முழுதறியாதார் இருவகையில் பிழைபடுகின்றனர். அறியாததை அறிந்ததுபோல அறுதியிட்டு உரைப்பது ஒன்று. இதனை ஏகாந்தம் என்று நம் ஆசாரியர்கள் கடிந்தனர். "எதையுமே அறிய இயலாது, ஆதலின் எதைப் பேசினால் என்ன, எதைச் செய்தால் என்ன" என்று கைவிடுவது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடையே நடக்கத் தெரிந்தவனே நற்காட்சியின் வழிச் செல்பவன். அந்த இடைவழியில் நமக்குக் கைவிளக்காக அமைந்தது ஸ்யாத்வாதம். நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடமாகப் பயிலும் நிகழ்தகவு என்பதும் அதே வழியில் எண்ணைத் துணைக்கொண்டு நடக்கும் ஒரு கலையாம். "கணக்குப் பாடத்திற்கும் தருமத்திற்கும் என்ன தொடர்பு?" என்று பெரியோர் சிலர் கேட்கக்கூடும். அத்தொடர்பு நம் வீட்டுச் சமையலறை முதல் மருத்துவமனை வரை பரந்து கிடப்பதை இனிக் காண்போம்.

ஸ்யாத் என்பது ஐயமன்று

"ஸ்யாத்" என்னும் சொல்லுக்கு "இருந்தாலும் இருக்கலாம், யார் கண்டார்" என்று பொருள் கொள்வார் உளர். அது தவறு. "ஒரு நோக்கில் நின்று காணுங்கால் இவ்வாறு ஆம்" என்பதே அதன் கருத்து. குடம் மண்ணால் ஆகியது என்னும் நோக்கில் உளது. பொன்னால் ஆகியது என்னும் நோக்கில் இலது. இவை இரண்டும் ஐயங்கள் அல்ல. எல்லை கூறி உரைத்த உறுதிகள். உரைப்பவன் தான் நிற்கும் இடத்தையும் சேர்த்து உரைக்கின்றான் என்பதே இங்குச் சிறப்பு.

நிகழ்தகவும் இத்தகையதே. "இன்று மழை பெய்யும் வாய்ப்பு 10இல் 7" என்று ஒருவர் உரைப்பாராயின், அவர் குழம்பி உரைக்கின்றார் என்பதன்று. "இப்பொழுது கிட்டிய செய்திகளை வைத்து நோக்குங்கால், இதுபோன்ற பத்து நாள்களில் ஏழு நாள்கள் மழை பெய்தல் கூடும்" என்று தம் அறிவின் எல்லையை அளந்து கூறுகின்றார். அன்று மழை பெய்யாது போயினும் அவர் பொய்யர் ஆகார். பத்தில் மூன்று நாள்கள் பெய்யாமலும் இருக்கும் என்பதையும் அவரே கூறியிருக்கின்றார் அல்லரோ!

இவ்வுறவை நாம் வலிந்து காண்கின்றோம் என்று எண்ணற்க. கொல்கத்தாவில் 1931இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய பேரறிஞர் மகலநோபிசு, புள்ளியியலின் அடிப்படைகள் பற்றி 1954இல் எழுதிய கட்டுரையில் நம் ஸ்யாத்வாதத்தை விரித்துரைத்து, அதற்கும் நிகழ்தகவுக் கொள்கைக்கும் உள்ள இயைபை எடுத்துக்காட்டினார். உயிரியல் அறிஞர் ஹால்டேன் 1957இல் ஸப்தபங்கியைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை வரைந்தார். இரண்டும் ஒன்றே என்று நாம் கூறவில்லை. ஸ்யாத்வாதம் பொருளின் பல தன்மைகளை நோக்குகின்றது. நிகழ்தகவு நிகழ்ச்சியின் வாய்ப்பை அளக்கின்றது. ஆயினும், அறிந்த அளவிற்கு மேல் ஒரு சொல்லும் மிகைபடக் கூறலாகாது என்னும் விரதம் இரண்டிற்கும் பொது. அதுவே வாய்மை விரதத்தின் ஒரு கூறும் ஆகும்.

எண்ணி அறிதல்

நிகழ்தகவின் தொடக்கம் மிக எளிது. நிகழக்கூடியவை யாவை என்று முதலில் ஒன்று விடாது எண்ணுதல் வேண்டும். அவை யாவும் சம வாய்ப்புடையன எனின், நாம் கருதியது அவற்றுள் எத்தனை என்று அடுத்து எண்ணுதல் வேண்டும். பின்னதை முன்னதால் வகுப்பதே நிகழ்தகவு. நாணயம் ஒன்றைச் சுண்டினால் தலை, பூ என இரண்டே உள. தலை விழும் வாய்ப்பு 2இல் 1. பகடை ஒன்றை உருட்டினால் முகங்கள் 6. அவற்றுள் ஒன்று விழும் வாய்ப்பு 6இல் 1. இரு பகடைகளை உருட்டினால் 36 வகைகள். அவற்றுள் கூட்டுத்தொகை 7 வருவன 6 வகைகள். 12 வருவதோ ஒரே வகை. ஆதலின், பன்னிரண்டை நம்பிப் பணயம் வைப்பவன் சராசரியாக 36 முறைக்கு ஒரு முறையே வெல்வான். ஒருக்காலும் நிகழாதது 0. உறுதியாக நிகழ்வது 1. நம் வாழ்வின் பெரும்பகுதி இவ்விரண்டிற்கும் இடையே நடக்கின்றது.

இவ்வாறு ஒன்று விடாது எண்ணும் முறை நம் முன்னோர்க்குப் புதிதன்று. உண்டு, இல்லை, சொல்லற்கரியது என்னும் மூன்றையும் தனித்தனியே கொண்டால் 3, இரண்டிரண்டாக இணைத்தால் 3, மூன்றையும் சேர்த்தால் 1, ஆக 7. ஸப்தபங்கி ஆறாகவோ எட்டாகவோ அமையாமல் ஏழாக அமைந்த காரணம் இதுவே. 9ஆம் நூற்றாண்டில் இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த சமணக் கணித மேதை மகாவீராசாரியர், பல பொருள்களிலிருந்து சிலவற்றை எத்தனை வகையில் தெரிந்தெடுக்கலாம் என்பதற்குப் பொதுவிதியே வகுத்துக் கணித சார சங்கிரகத்தில் வைத்தார். அந்நூலை அரங்காசாரியார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பிக்க, 1912இல் சென்னையில் அது அச்சேறியது. மேலை நாட்டில் பாஸ்கல், ஃபெர்மா என்னும் இருவர் 1654இல் சூதாட்டக் கணக்கொன்றைக் குறித்து மாறி மாறி எழுதிய மடல்களிலிருந்தே நிகழ்தகவு தனிக்கலையாக வளர்ந்தது என்பர். சூதாடிகளின் வினாவிலிருந்து பிறந்த கலையே சூதின் பொய்ம்மையை அம்பலப்படுத்தும் வலிய சான்றாக ஆயிற்று என்பது எண்ணி இன்புறத்தக்கது.

பகடைக்கு நினைவு இல்லை

ஏழு வியசனங்களுள் முதலாவதாகச் சூதை வைத்தனர் நம் ஆசாரியர்கள். அதற்குத் தருமனையும், பரத்தைமைக்குச் சாருதத்தனையும், பிறன்மனை விழைதற்கு இராவணனையும் எடுத்துக்காட்டாகக் கூறுவது நம் மரபு. தருமன் அறிவிலி அல்லன், அறமறியாதவனும் அல்லன். அவனைக் கவிழ்த்தது ஓர் எண்ணமே: "இத்தனை முறை தோற்றோம், இனித் தோற்கமாட்டோம்."

இந்த எண்ணத்தின் பிழையைச் சிறிது நின்று நோக்குவோம். நாணயத்தை நான்கு முறை சுண்டி நான்கு முறையும் தலையே விழுந்தது எனக் கொள்வோம். "அடுத்தது பூவாகத்தான் இருக்கும்" என்று மனம் துடிக்கின்றது. ஆனால் நாணயத்திற்கு நினைவு இல்லை. முன்னர் விழுந்தவற்றை அது கணக்கு வைத்துக்கொள்வதும் இல்லை. கடனைத் திருப்பித் தருவதும் இல்லை. ஐந்தாம் முறையும் வாய்ப்பு 2இல் 1 தான். ஒன்றன் விளைவு மற்றொன்றைத் தொடாத இத்தகைய நிகழ்ச்சிகளைச் சார்பிலா நிகழ்ச்சிகள் என்பர்.

இப்பிழை சூதாட்டக் களத்தோடு நிற்குமாயின் நாம் இவ்வளவு விரித்துரைக்க வேண்டுவதில்லை. அது நம் இல்லங்களுக்குள்ளும் புகுந்துள்ளது. மூன்று பெண்மக்களைப் பெற்ற தாயிடம், "அடுத்தது ஆண்தான்" என்று உற்றார் உறுதி கூறுகின்றனர். நான்காவதும் பெண்ணாயின் அத்தாயையே பழிக்கின்றனர். ஆணோ பெண்ணோ பிறக்கும் வாய்ப்பு ஒவ்வொரு முறையும் ஏறக்குறையச் சரிபாதியே. நான்கு மக்களைப் பெற்ற குடும்பங்கள் பதினாறை எடுத்துக்கொண்டால், சராசரியாக ஒரு குடும்பத்தில் நால்வரும் பெண்களாகவே இருப்பர். அது எவர் குற்றமும் அன்று. மேலும், குழவியின் பாலை முடிவு செய்வது தந்தையின் உயிரணு என்பது அறிவியல் ஐயமற நிறுவிய உண்மை. அங்ஙனம் இருக்கத் தாயைப் பழிப்பது அறியாமை மட்டுமன்று; ஓர் உயிரை வருத்தும் இம்சையும் ஆகும்.

கருவிலிருப்பது பெண் என்று அறிந்து அதனை அழிக்கும் கொடுமை நாட்டில் பரவியமையால், கருவின் பாலை ஆய்ந்து கூறுவதைத் தடுக்க 1994இல் சட்டம் இயற்ற நேர்ந்தது. ஓரறிவுயிர்க்கும் இரங்கும் குலத்தில் பிறந்த நாம், ஐம்பொறியும் மனமும் உடைய உயிர்க்கு நேரும் இத்தீங்கைக் கனவிலும் எண்ணலாகாது. ஓர் எளிய கணக்கை உணர்ந்திருந்தால் எத்தனை தாயரின் கண்ணீர் சிந்தாமல் இருந்திருக்கும்!

ஆசையின் கணக்கு

இனிப் பரிசுச் சீட்டின் கணக்கைப் பார்ப்போம். ஒரு சீட்டின் விலை 10 ரூபாய். விற்பனையாகும் சீட்டுகள் 1,00,000. மொத்தப் பரிசு 5,00,000 ரூபாய் என வைத்துக்கொள்வோம். திரண்ட பணம் 10,00,000 ரூபாய். ஆகவே ஒவ்வொரு சீட்டின் உண்மை மதிப்பு சராசரியாக 5 ரூபாயே. பத்து ரூபாய் கொடுத்து ஐந்து ரூபாய்ப் பொருளை வாங்குவாரை அங்காடியில் பேதை என்போம். பரிசுச் சீட்டில் மட்டும் அவரைத் துணிந்தவர் என்போமோ? முதற்பரிசு ஒருவர்க்கே உரியது எனின், அதனை ஒரு சீட்டு பெறும் வாய்ப்பு 1,00,000இல் 1. வாரம் ஒரு சீட்டு வாங்குவார் ஒருவர் 1,00,000 சீட்டுகளை வாங்கி முடிக்க 1,900 ஆண்டுகளுக்கு மேல் வாழ்தல் வேண்டும்.

தமிழ்நாட்டில் பரிசுச் சீட்டு விற்பனை 2003இல் தடை செய்யப்பட்டது. ஆயினும் சூது மடியவில்லை. அது கடைத்தெருவை விட்டுக் கைபேசிக்குள் குடிபுகுந்தது. பணம் கட்டி ஆடும் இணையவழி விளையாட்டுகளால் குடும்பங்கள் கடனில் மூழ்கியதையும் உயிர்கள் மாய்ந்ததையும் செய்தித்தாள்களில் கண்டு வருந்தினோம். அவற்றைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. சட்டம் வெளிக்கதவை அடைக்கும். உள்ளத்தின் கதவை அடைக்க வல்லது எது? உலோபம் என்னும் கஷாயம் ஓங்கியவிடத்து, வென்றவன் ஒருவனது முகம் பெரிதாகத் தோன்றும். தோற்ற பல்லாயிரவரின் முகங்கள் மறைந்துபோம். விளம்பரங்கள் வென்றவனை மட்டுமே காட்டுகின்றன. "எத்தனை பேரில் ஒருவர்?" என்னும் ஒரு வினாவை இளமையிலேயே பிள்ளைகளுக்குப் பழக்குவோமாயின், அணுவிரதத்திற்கு அரண் ஒன்றைக் கட்டியவர் ஆவோம்.

ஒன்பது பேர், இரு நோக்கு

அநேகாந்தத்தின் அருமை மருத்துவச் சோதனையில் புலப்படுவதுபோல் வேறெங்கும் தெளிவாகப் புலப்படுவதில்லை. சற்றுப் பொறுமையுடன் இக்கணக்கைத் தொடருமாறு வேண்டுகின்றோம்.

ஓர் ஊரில் 1,000 பேர்க்கு ஒரு நோய்க்கான சோதனை நடைபெறுகின்றது. அவர்களுள் அந்நோய் உடையார் 10 பேர். சோதனை நோயுடையார் பத்துப் பேரில் ஒன்பது பேரைச் சரியாகக் கண்டுபிடிக்கும். நோயற்றாரிலும் பத்துப் பேர்க்கு ஒருவரைத் தவறாக "நோய் உண்டு" என்று காட்டிவிடும். இப்பொழுது ஒருவர்க்கு "உண்டு" என்று முடிவு வந்துள்ளது. அவர்க்கு நோய் இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? பலரும் தயங்காது "10இல் 9" என்பர். அவ்வாறு நம்பி உறக்கமிழந்து, வீட்டாரையும் கலங்கவைத்து, வாழ்வே முடிந்தது என்று இடிந்துபோவார் பலர்.

எண்ணிப் பார்ப்போம். நோயுடைய 10 பேரில் 9 பேர்க்கு "உண்டு" என்று வரும். நோயற்ற 990 பேரில் 99 பேர்க்கும் "உண்டு" என்றே வரும். ஆக "உண்டு" என்று வந்தவர் 108 பேர். அவர்களுள் உண்மையில் நோயுடையார் 9 பேரே; அதாவது 12இல் 1.

அதே ஒன்பது பேர்தாம்! நோயுடையார் பக்கம் நின்று நோக்கினால் அவர்கள் பத்தில் ஒன்பது. "உண்டு" என்று வந்தார் பக்கம் நின்று நோக்கினால் பன்னிரண்டில் ஒன்று. இரண்டும் மெய்யே. எந்த நயத்தில் நின்று கூறுகின்றோம் என்பதைச் சொல்லாமல் விட்டால், மெய்யே பொய்யின் தொழிலைச் செய்துவிடுகின்றது. "பத்தில் ஒன்பது" என்று ஒருவர் கூறக் கேட்டால், "எவருள் பத்தில் ஒன்பது?" என்று நாம் வினவ வேண்டும். ஸ்யாத்வாதம் நமக்குக் கற்பித்த வினா அதுவே அன்றோ!

இதனால் சோதனை வீண் என்று கொள்ளலாகாது. சோதனைக்கு முன் ஒருவர்க்கு நோயிருக்கும் வாய்ப்பு 100இல் 1. "உண்டு" என்று வந்தபின் அது 100இல் 8க்கு மேல். ஆதலின் அடுத்த சோதனை இன்றியமையாதது. அச்சத்தால் ஒடுங்குவதும் பிழை. "12இல் 1 தானே" என்று அசட்டையாய் இருப்பதும் பிழை. "இல்லை" என்று வந்த 892 பேரில் ஒருவர்க்கு நோய் உண்டு என்பதையும் மறத்தலாகாது. உடலில் நோய்க்குறி தொடருமாயின் அவர் மீண்டும் மருத்துவரைக் காண வேண்டும். மேலே கூறிய எண்கள் விளக்கத்திற்காக நாம் கொண்டவை. சோதனைக்குச் சோதனை, நோய்க்கு நோய் அவை மாறும். தம் சோதனைக்குரிய எண்களை மருத்துவரிடமே கேட்டறிதல் வேண்டும். அங்ஙனம் கேட்பது அவமதிப்பு ஆகாது.

கவனமே அகிம்சை

நம் குடும்பங்களுள் பல உழவுத்தொழிலை மேற்கொண்டவை. நெல்லைக் களத்தில் காயவைத்திருக்கின்றோம். மழை வரும் வாய்ப்பு 10இல் 3 என்று அறிவிப்பு வருகின்றது. "வராத வாய்ப்பே மிகுதி, ஆதலின் மூட வேண்டா" என்று இருந்துவிடலாமோ? நெல் நனைந்தால் இழப்பு 20,000 ரூபாய் எனின், அவ்வாய்ப்பின் சுமை சராசரியாக 6,000 ரூபாய். தார்ப்பாய் விரிக்கும் செலவும் கூலியும் 1,000 ரூபாய் எனின், விரிப்பதே அறிவுடைமை. வாய்ப்பு எவ்வளவு என்பதோடு, நேர்ந்தால் இழப்பு எவ்வளவு என்பதையும் சேர்த்து நிறுத்துப் பார்க்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

இதே நிறுவையைத்தான் நம் முன்னோர் சமையலறையிலும் வைத்தனர். நீரை வடிகட்டிப் பருகுதலும், பொழுது சாயுமுன் உண்டு முடித்தலும் எதன்பொருட்டு? அந்நீரில் உயிர் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இரவு உணவில் பூச்சி விழலாம், விழாமலும் போகலாம். ஆயினும் ஒருபுறம் சிறு துணி, சிறிது நேரம். மறுபுறம் ஓர் உயிர். இந்தத் தராசில் தட்டு எப்பக்கம் சாயும் என்பதை அறிவிக்க வேண்டுவதில்லை.

சிறு வாய்ப்பும் பன்முறை அடுக்கினால் பெரிதாகும் என்பது மற்றொரு கணக்கு. தலைக்கவசம் இன்றி வண்டியோட்டும் இளைஞர், "ஒருநாள் சென்றால் என்ன ஆகிவிடும்?" என்று வினவுகின்றார். ஒருநாளைக்கு விபத்து நேரும் வாய்ப்பு 1,000இல் 1 என்றே கொள்வோம். விபத்தின்றி மீளும் வாய்ப்பு 1,000இல் 999. ஆனால் இதனையே 1,000 நாள்கள் தொடர்ந்தால், ஒருமுறையேனும் விபத்து நேரும் வாய்ப்பு 100இல் 63 ஆகிவிடும். அந்த ஒருமுறை எந்நாளில் வரும் என்பதை நாம் அறியோம். ஆதலின் கவசம் ஒருநாள் அணிவதாக இராமல் நாள்தோறும் அணிவதாக இருத்தல் வேண்டும். நோன்பையும் ஒழுக்கத்தையும் இடைவிடாது காக்குமாறு பெரியோர் வற்புறுத்தியதன் பொருளும் இதனால் துலங்குகின்றது.

இங்கு ஓர் உயரிய கருத்து உண்டு. உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் கூறுங்கால், உயிர்க்குறையை மட்டும் கூறாமல், பிரமத்த யோகத்தால் அது நேர்வதையே இம்சை என்றார். பிரமத்தம் ஆவது கவனமின்மை. கண்ணூன்றி நடந்தும் காலடியில் அறியாது ஓர் உயிர் மாய்ந்தால் ஒரு நிலை. கண்மூடி ஓடி, நல்வாய்ப்பால் எவ்வுயிரும் மாயாது தப்பினால் வேறொரு நிலை. பின்னவனே குற்றவாளி என்பது ஜினநெறி. குடித்துவிட்டு வண்டியோட்டி நலமாக வீடு சேர்ந்தவன், "ஒன்றும் ஆகவில்லையே" என்று செருக்குகின்றான். ஆகவில்லை என்பது தற்செயல். ஆக விடுத்தது அவன் செயல். முடிவு நன்றாயிற்று என்பதனாலேயே எடுத்த முடிபு நன்று ஆகாது; முடிவு தீதாயிற்று என்பதனாலேயே எடுத்த முடிபு தீதும் ஆகாது. செய்யும் நேரத்தில் அறிந்தவற்றை வைத்துக் கவனத்தோடு செய்தோமா என்பதே நம்மிடம் கேட்கப்படும் வினா. நோயுற்ற பெற்றோர்க்கு மருத்துவர் அறிவுரைப்படி அறுவை மருத்துவம் செய்வித்து, அவரை இழந்து, "நாமே கொன்றுவிட்டோமோ" என்று ஆண்டுக்கணக்கில் மறுகும் மக்கள் உளர். அவர்கள் இக்கருத்தை மருந்தாகக் கொள்ளலாம்.

வினையும் வாய்ப்பும்

"எல்லாம் வினைப்பயன் எனின், வாய்ப்பு என்பதற்கு இடமேது?" என்று ஒரு வினா எழும். வினை தன் வழியே நடக்கின்றது. அதன் நூற்பின்னலைக் காணும் கண் நமக்கு இல்லை. நிகழ்தகவு, வினையை மறுப்பதன்று. நம் காட்சியின் குறையை ஒப்புக்கொள்வது.

ஆகவே, பிறர் துன்பத்தைக் கண்டு "அது அவர் முன்வினை" என்று தீர்ப்புரைக்க நமக்கு உரிமை இல்லை. பல்லாயிரம் மக்கள் வாழும் ஊரில் ஆண்டுதோறும் சிலர்க்கு அரிய நோய் வருவது எண்ணிக்கையின் இயல்பு. அது எவர் வீட்டில் வரும் என்பதை நாம் அறியோம். நாளை நம் வீடாகவும் இருக்கலாம். அவ்வீட்டாரின் வினைக் கணக்கைப் படிக்க நாம் கேவலிகள் அல்லோம். நமக்கு விதிக்கப்பட்டது தயை. நீதிபதியின் இருக்கை அன்று.

மூட நம்பிக்கைகளை உலக மூடம், தேவ மூடம், பாசண்டி மூடம் என மூவகைப்படுத்தி, நற்காட்சியுடையார் அவற்றை நீக்க வேண்டும் என்று நம் நூல்கள் கூறும். இம்மூடங்கள் வளரும் வழியும் ஓர் எண்ணிக்கைப் பிழையே. ஆண் மகவு பிறக்கும் என்று நூறு பேர்க்கு ஒருவர் குறி கூறினால், ஏறக்குறைய 50 பேர்க்கு அது தானே பலித்துவிடும். பலித்த ஐம்பதின்மர் காணிக்கையோடு வந்து புகழ் பரப்புவர். பலிக்காதவர் வாளா இருந்துவிடுவர். ஊர் கேட்பது புகழை மட்டுமே. "பலிக்காதவர் எத்தனை பேர்?" என்று கேட்கத் தெரிந்தவனை எந்தக் குறியும் மயக்காது.

இதற்கு நேர்மாறாக, "நடப்பது நடந்தே தீரும், முயற்சியால் பயன் இல்லை" என்ற நியதிவாதமும் தமிழகத்தில் ஒரு காலத்தில் ஓங்கியிருந்தது. நீலகேசியின் ஆசீவக வாதச் சருக்கம் அதனை எதிர்த்து வாதிடுவது நாம் அறிந்ததே. முயற்சி வாய்ப்பை மாற்றுகின்றது. தலைக்கவசமும் தடுப்பூசியும் வடிகட்டிய நீரும் தீங்கின் வாய்ப்பைக் குறைக்கின்றன, அறவே ஒழிப்பதில்லை. அறவே ஒழிக்காதது பயனற்றது என்பாரும், நியதியே எல்லாம் என்பாரும் ஒரே கிளையில் அமர்ந்த இரு பறவைகள்.

அன்பர்களே! இனி நம் இல்லங்களில் ஒரு செய்தி வந்து சேருங்கால், எத்தனை பேரில் என்று எண்ணுவோம். எந்நோக்கில் நின்று கூறப்பட்டது என்று வினவுவோம். நேர்ந்தால் எவ்வுயிர்க்கு எவ்வளவு தீங்கு என்று நிறுத்துப் பார்ப்போம். அதன்பின் கவனத்தோடு செயலாற்றி, விளைவைச் சமநிலையோடு ஏற்போம். பேசுங்கால் அறிந்த அளவே பேசுவோம். நம் பிள்ளைகள் பகடையையும் நாணயத்தையும் வரைந்து கணக்குப் போடுங்கால், பெற்றோரும் அருகில் அமர்ந்து ஸ்யாத்வாதத்தின் கருத்தை அவர்க்கு எடுத்துரைப்பாராக. பள்ளிப் பாடமும் அறப்பாடமும் ஒரே மேசையில் அன்று கைகோத்து நிற்கும்.

முழுதறிவு எய்தும் நாள்வரை நமக்கு உரிய மொழி அளவறிந்த மொழியே. அம்மொழியில் பொய் குறையும், அச்சம் குறையும், பிற உயிர்க்குத் தீங்கும் குறையும்.

அறம் வளர்க! அகிம்சை ஓங்குக!